கம்பெனி மடலை யாரும் படிப்பதில்லை, டிசைன் மாற்றினால் படிப்பார்களா?

கேள்வி (ஐரோலி வாசகர்)
3 ஜூன் 2024, மாலை 6.12

நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மாதம் ஒரு செய்திமடல் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு பக்கம் பிடிஎஃப். முதல் பக்கம் எம்.டி. செய்தி, அப்புறம் பிறந்தநாள் படங்கள், விருதுகள், கடைசியில் ஒரு பொன்மொழி. அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. "டல்லாக இருக்கிறது, கலர்ஃபுல்லாகப் பண்ணு" என்கிறார் மேனேஜர். கேன்வா போதுமா, வேறு மென்பொருள் கற்க வேண்டுமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்ப்பவர்)
3 ஜூன் 2024, இரவு 10.40

கேன்வா போதும். அதில் சிக்கல் இல்லை.

உங்கள் மடலை ஆட்கள் எதில் திறக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? போனில்தான் என்றால் கணக்கு இதுதான்: ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், போன் திரையின் அகலம் சுமார் 7. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நீங்கள் 11 புள்ளி (பாயிண்ட்) அளவில் வைத்த எழுத்து அங்கே நாலு புள்ளிகூட வராது. மருந்து டப்பாவின் பின்பக்க எழுத்தே அதைவிடப் பெரிது. விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளி எம்.டி. செய்தியைப் படிக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

கலர் பிறகு. முதலில் யார், எங்கே இருந்துகொண்டு, எத்தனை நொடி பார்ப்பார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

5 ஜூன் 2024, இரவு 11.05

"அக்கா, அப்படி என்றால் டிசைனே வேண்டாம் என்கிறீர்களா" என்று ஐரோலித் தம்பி கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றால் பதினான்கு வருடமாக நான் சாப்பிடுவது எதை? ஒரு கதை சொல்கிறேன், நீளம்தான்.

எங்களுக்கு பிவண்டியில் ஒரு பேக்கிங் யூனிட் உண்டு. பெரிய குடோன், உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஓடும். ஆட்கள் குறுக்கே போவார்கள். ஒருமுறை ஒருவர் காலில் லேசாக ஏறிவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. "ஒரு போஸ்டர் போடு" என்று தாணே ஆபீஸில் இருந்த என்னிடம் சொன்னார்கள். போட்டேன். ஏ3 அளவு, மஞ்சள் பின்னணி, ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் ஆறு விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். பார்க்க அழகாகவே இருந்தது. பிரதான வாசலுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அது சட்டப்படியும் சரி. தொழிற்சாலைச் சட்டம், 1948, பிரிவு 108 அப்போது சொன்னது அதைத்தான்: நோட்டீஸ்கள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும், பிரதான வாசலிலோ அதன் அருகிலோ கண்ணில் படும்படி இருக்க வேண்டும். (பேக்கிங்தானே, தொழிற்சாலை எப்படி என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தின் வரையறையில் பேக்கிங்கும் உற்பத்தி வேலைதான்.)

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். நாலு பேரிடம் போஸ்டர் பற்றிக் கேட்டேன். "எந்த போஸ்டர் மேடம்?"

மறுநாள் காலை 7.50-க்கே போய் வாசலில் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வரும் எல்லோரும் கைரேகை பஞ்ச் மிஷினுக்கு வரிசையில் நிற்கிறார்கள். மிஷின் எதிர்ச் சுவரில். நோட்டீஸ் போர்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால். பஞ்ச் விழுந்த அடுத்த நொடி ஓட்டம்தான், ஒரு நிமிடம் தாமதமானால் அரை மணிக் கூலி போய்விடும். அந்த போர்டுக்கு முன்னால் நிற்க ஒருவருக்கும் காரணமே இல்லை. பஞ்ச் மிஷினுக்கு முன்னால் மட்டும் ஒவ்வொருவரும் மூன்று நான்கு நிமிடம் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!

சட்டத்துக்கான தாள் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மிஷினுக்கு மேலே கண் உயரத்தில் இன்னொன்று வைத்தேன். ஆறு விதி இல்லை, ஒன்றே ஒன்று: மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நட. ஒரு படம், ஒரு வரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வரி மாறும். அதற்குப் பிறகு ஆட்கள் கோட்டுக்குள் நடந்தார்கள்.

6 ஜூன் 2024, காலை 8.20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ரயிலில் வரும்போது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அதற்குப் பிறகு ஆட்கள் கோட்டுக்குள் நடந்தார்கள்" என்று எழுதினேன். அதே மாதம்தான் பராமரிப்புப் பிரிவில் ஒருவர் தேய்ந்துபோன மஞ்சள் கோட்டைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, வளைவுகளில் இரும்புக் கம்பித் தடுப்பும் வைத்தார். தடுப்பு இருக்கும் இடத்தில் குறுக்கே போக முடியாது, என் போஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அதை என் சாதனையாக எழுதிக்கொண்டேன். அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. பெயிண்ட் பில் மட்டும்தான் கொடுத்திருப்பார்.

6 ஜூன் 2024, இரவு 9.30

"படமாகப் போட்டால் எழுத்தே வேண்டாம், எல்லா மொழிக்காரருக்கும் புரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். அட்டைப்பெட்டி மேல் மது கிண்ணம் மாதிரி ஒரு படம் இருக்குமே, "உடையும், பத்திரம்" என்பதற்கான உலகப் பொதுக் குறி. புதிதாக வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே கண்ணாடி டம்ளர் இருக்கிறது என்று நினைத்து, டம்ளர் பெட்டிகளோடு அடுக்கிவிட்டான். உள்ளே இருந்தது மின்விசிறி உதிரி பாகம். அவன் படித்ததில் என்ன தப்பு? படத்தில் டம்ளர்தானே இருக்கிறது.

1951–52 முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் அதை வைத்து ஓட்டுப் போட்டார்கள். அது நடந்தது படம் தானாகப் பேசியதால் என்றா நினைக்கிறீர்கள்? வாரக்கணக்கில் சுவரிலும் மேடையிலும் அதையே சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றினார்கள். படத்துக்கும் பாடம் நடத்த வேண்டும்.

9 ஜூன் 2024, ஞாயிறு மதியம்

தமிழ் எழுத்து அச்சில் ஏன் உடைகிறது என்று தனிச்செய்தியில் கேட்ட இன்னொருவருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிவண்டிக்கு நாமக்கல் லாரிகள் நிறைய வரும். டிரைவர்களுக்காக கேட்டில் தமிழிலும் ஒரு பலகை வைக்கலாம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். சொந்த மொழியில் ஒரு வேலை, பெருமைதானே. எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பலகை மாட்டியாகிவிட்டது. "கொண்டு" என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் தொங்குகிறது, துணைக்கால் எங்கோ தனியே நிற்கிறது. ஒரு டிரைவர் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தமிழ் என்று தெரிந்ததும், "ஏனுங்க, இது எந்த ஊருத் தமிழுங்க?" என்றார். எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்த லாரியிலேயே ஏறி நாமக்கல் போய்விடலாம் போல இருந்தது.

காரணம் சின்னது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இயல்பாக இருக்கும் பத்தி அமைப்பு இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரியாதது. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இதே மாதிரி ஒரு அமைப்பு உண்டு. அச்சகத்துக்காரர் மராத்தி, அவருக்குத் தமிழில் எது உடைந்தது என்று தெரிய வழியே இல்லை. இப்போதெல்லாம் தமிழ் வரிகளை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுகிறேன், அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களைத் தொடவே தொடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, இங்கே மும்பைக்காரர்களான ஏக் டைப் செய்த முக்த மலர் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

எழுத்துரு என்றதும் இன்னொன்று. 2010 ஜூலையில் ரூபாய்க் குறி வந்ததே, அதை வரைந்தவர் டி. உதயகுமார், நம்மூர்க்காரர். இதே மும்பையில் ஐஐடி பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். எனக்கு அப்போதுதான் முதல் வேலை. புதுக் குறியை நாம்தான் முதலில் போட வேண்டும் என்று எங்கள் ஆபீஸில் ஒரே பரபரப்பு. அன்றைக்கு யூனிகோடில் அந்தக் குறிக்கு இடமில்லை. டேப் விசைக்கு மேலே இருக்கும் விசையில் குறியை ஒளித்துவைத்த ஒரு எழுத்துரு கிடைத்தது, அதை வைத்து சம்பள உயர்வுக் கடிதங்களை வேர்ட் கோப்பாக அனுப்பினோம். பெற்றவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சாய்ந்த கீறல், அப்புறம் தொகை. "உயர்வு எவ்வளவு என்று புரிகிறது, எந்த நாட்டுப் பணம் என்றுதான் புரியவில்லை" என்று ஒரு சீனியர் பதில் போட்டார். நான் அனுப்புகிற எதையும் இன்னொருவர் போனில் திறந்து பார்க்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

11 ஜூன் 2024

கலர். கேட்டதே இதுதான், மறந்துவிட்டேன்.

சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் கம்ப்யூட்டரில் ரொம்ப நாகரிகமாக இருக்கும். லோடிங் மேடையில் மதிய வெயிலில் போனைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. சரிபார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அப்புறம் சிவப்பு-பச்சை. எங்கள் பழைய மேலாளர் ஒருவருக்கு மாதாந்திர அட்டவணையை சிவப்பு, பச்சைக் கட்டங்களாக இரண்டு வருடம் அனுப்பினேன். ஒருநாள் மெதுவாகச் சொன்னார், "எனக்கு எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும், நான் எண்களை மட்டும் பார்ப்பேன்." இரண்டு வருடம்! இப்போது நிறத்தோடு ஒரு அம்புக்குறியும் போடுகிறேன்.

8 ஜூலை 2024, காலை 11.15

குர்லா பிளாட்பாரத்திலிருந்து எழுதுகிறேன். போனில் 31 சதவீதம் சார்ஜ்.

மழை நள்ளிரவு தாண்டியதிலிருந்து கொட்டி, காலை ஏழுக்குள் பல இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல். செம்பூரிலிருந்து எப்படியோ குர்லா வரை வந்துவிட்டேன். தாணே பக்கம் வண்டி நகரவில்லை. 9.05-க்கு கம்பெனி வாட்ஸப் குழுவில் ஒரு படம். நீல வானம், குடை பிடித்த பெண், மழையைப் பற்றி ஒரு கவிதை வரி, லோகோ, "பாதுகாப்பாக இருங்கள், அன்பு ஊழியர்களே". அதைப் பார்த்துவிட்டு ஜேபியில் போட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது பொழுதுபோகாமல் மறுபடி திறந்து பெரிதாக்கினால், அடியில் ஐந்தாவது வரியில் சின்ன எழுத்தில்: "இன்று வீட்டிலிருந்து பணிபுரியலாம்."

வாட்ஸப் படத்தைச் சுருக்கி அனுப்பியதில் அந்த வரி மங்கிப்போய், எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. அந்த டெம்ப்ளேட்டைச் செய்தவர் யார் தெரியுமா? நான்தான். மூன்று வருடம் முன்பு, "எந்தச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்தும்" என்று செய்து கொடுத்தேன். மேலே படத்துக்குப் பாதி, லோகோவுக்குக் கால், செய்திக்கு மிச்சம்.

9 ஜூலை 2024

வீடு வந்து சேர்ந்தேன், கேட்டவர்களுக்கு.

ஆபீஸில் பேசிவிட்டேன். இனி மழை, பந்த், மின்தடை எதுவானாலும் படம் கிடையாது. வெறும் எழுத்து, முதல் ஐந்து வார்த்தைக்குள் முடிவு. போன் பூட்டியிருக்கும்போது மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் அவ்வளவுதான் தெரியும். "இன்று ஆபீஸ் வர வேண்டாம்" என்பது அதில் அடங்கிவிடுகிறது.

மார்க்கெட்டிங்கில் இருப்பவர் "பிராண்ட் எங்கே?" என்று கேட்டார். காலை ஆறரைக்கு அனுப்பினால் அதுதான் பிராண்ட் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவரும் சயானில் மாட்டிக்கொண்டவர்தான்.

12 ஜூலை 2024, இரவு

ஸ்லைடு பற்றிய பேச்சு ஆரம்பித்துவிட்டது. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-லேயே உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று நிறுத்தி, உரைநடையில் எழுதிவரச் சொன்னார் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். கூட்டத் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து ஆறு பக்கம் படிப்பார்கள். எங்கள் ஆபீஸில் முயன்று பார்த்தோம். பாதிப் பேர் அந்த மௌனத்தில் மெயில் பார்த்தார்கள்.

எனக்கு ஸ்லைடு என்றால் நாசாவின் கொலம்பியா விண்கலம்தான் ஞாபகம் வரும். 2003 ஜனவரி 16-ல் அது கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைடு போட்டார்கள். தலைப்பு தைரியம் சொல்லும் தொனியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே அடித்ததோ 1920 கன அங்குலமாகக் கணக்கிடப்பட்டது. அறுநூறு மடங்குக்கு மேல். அந்த விஷயம் எங்கே இருந்தது? ஸ்லைடின் கடைசி வரியில், உட்புள்ளிக்கு உட்புள்ளியாக. பிப்ரவரி 1-ல் திரும்பும்போது கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதில் ஸ்லைடை நம்பும் பழக்கத்தையும் குறை சொன்னது.

ஸ்லைடு யாரையும் கொல்லவில்லை, நுரைதான் கொன்றது. தெரியும். ஆனாலும் என் மழை டெம்ப்ளேட்டின் ஐந்தாவது வரியை இனி என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியாது. (இரண்டையும் ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன்.)

20 ஜூலை 2024, சனி

நேற்று உலகம் பூரா நீலத்திரை. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு, விண்டோஸ் கணினிகள் கூண்டோடு படுத்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது டெல்லி விமான நிலையத்துப் படம். ஒரு வெள்ளைப் பலகை, மார்க்கரில் விமான எண், ஊர், நேரம், கேட். ஆட்கள் அதைச் சுற்றி நின்று படிக்கிறார்கள். கையால் எழுத வேண்டும் என்றதும் எழுதுகிறவர் கை வலிக்கும் அளவுக்குத்தான் எழுதுவார், எது இல்லாமல் முடியாதோ அது மட்டும். இங்கே லோகோ வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதைப் பார்த்ததும் ஒரு பழைய அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

21 ஜூலை 2024

சொல்லிவிடுகிறேன். முந்தைய கம்பெனி, பெயர் வேண்டாம்.

விடுப்பே எடுக்காமல் வந்தால் மாதம் 1,200 ரூபாய் வருகைப் படி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை 900 ஆக்க முடிவு செய்தார்கள். கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பரிசுக் கூப்பன், ஒரு மருத்துவப் பரிசோதனை முகாம். "புதிய நலத் திட்டம்" என்று ஒரு இன்ஃபோகிராஃபிக் செய்யச் சொன்னார்கள். நான் செய்தேன், நன்றாகவே செய்தேன். நாலு வண்ண வட்டங்கள், சிரித்த முகங்கள், கூப்பனுக்கு ஒரு பரிசுப்பெட்டிப் படம். 900 என்பது நாலாவது வட்டத்தில் இருந்தது. 1,200 எங்கேயும் இல்லை. பக்கத்தில் "மொத்தப் பலன்" என்று ஒரு வரைபடம். அதன் அச்சை பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்காமல் நடுவில் ஆரம்பித்தேன், கடைசிக் கம்பம் வானம் தொடுகிற மாதிரி தெரியும். அதை யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை. நானாகச் செய்தேன். "பார்வைக்கு நன்றாக இருக்கும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒட்டினார்கள். ஆட்கள் பார்த்தார்கள், ஒன்றும் புரியாமல் சூப்பர்வைசரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மார்க்கரால் எழுதினார்:

1200 ✗
900 ✓

அவ்வளவுதான். அந்த அட்டையை யாரோ போனில் படம் எடுத்து, அன்று சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு யூனிட்டுக்கும் போய்விட்டது. என் வட்டங்களை யாரும் படம் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஷிஃப்ட் இரண்டு மணி நேரம் வேலையைத் தொடங்கவில்லை. 300 ரூபாய்க்காக அல்ல என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். "குறைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வேலை பார்த்திருப்பார்கள் மேடம். முட்டாளாக்கப் பார்த்தார்கள் என்றுதான் கோபம்."

அந்த "பார்த்தார்கள்" என்பதில் நானும் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் மரியாதைக்குச் சொல்லவில்லை.

22 ஜூலை 2024

"மேலிடம் சொன்னதைச் செய்தீர்கள், மறுத்தால் வேலை போய்விடுமே" என்று மூன்று பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். வட்டங்களுக்கு அந்த ஆறுதல் சரி. நடுவில் ஆரம்பித்த வரைபட அச்சுக்கு இல்லை, அது என் சொந்தச் சரக்கு.

27 ஜூலை 2024, இரவு

தலைப்பை விட்டு விலகுகிறேன், பரவாயில்லை.

லோக்கல் ரயில் இண்டிகேட்டரை நினைத்துப் பாருங்கள். போகும் இடத்துக்கு ஓரிரு எழுத்து, நேரம், வேகமா நின்று போவதா, எத்தனை பெட்டி. ஓடிக்கொண்டே ஒரு பார்வையில் படித்துவிடலாம். உலகத்தரம் என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் மும்பைக்கு வந்த புதிதில் மத்திய ரயில்வேயில் நான் பட்ட பாடு! எஸ் என்றால் கர்ஜத், என் என்றால் கசாரா. கர்ஜத்துக்கு எஸ் எதற்கு? தென்கிழக்குப் பாதை, வடகிழக்குப் பாதை என்ற பழைய கணக்கு. அதே பலகையில் இன்னொரு எஸ் இருக்கும், அது ஸ்லோ. தினமும் வருகிறவருக்கு இதில் குழப்பமே இல்லை, புதியவருக்கு வழியே இல்லை. கம்பெனிக்குள் சுற்றும் சுருக்கெழுத்துகளும் இப்படித்தான். எங்கள் புதிய ஊழியர் கையேட்டில் எண்ணிப்பார்த்தேன், முதல் இரண்டு பக்கத்தில் பதினேழு.

வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோகும் டப்பாவாலாக்களின் குறியீடும் சுருக்கெழுத்துதான். மூடியின் நடுவே பெரிய எண், சேர வேண்டிய பகுதி. ஓரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள், கட்டடம், மாடி. கிளம்பிய நிலையத்துக்கும் ஒரு குறி. டப்பாவின் சொந்தக்காரருக்கு அது புரியாது, புரியத் தேவையுமில்லை. கைமாற்றுகிறவருக்குப் புரிந்தால் போதும், அவருக்கு எந்தக் கட்டத்தில் எது தேவையோ அது அந்த இடத்தில் இருக்கிறது. சயான் ஸ்டேஷனில் ஒருமுறை ஒரு மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பசிக்கிறதா?" என்று மராத்தியில் கேட்டார் ஒருவர்.

மேற்கு ரயில்வேயில் பெண்கள் பெட்டியில் முக்காடு போட்ட பெண் படத்தை எடுத்துவிட்டு கோட் போட்ட பெண்ணை வைத்தார்களே, அது பற்றி என் கருத்து கேட்டிருந்தார்கள். நல்ல மாற்றம். உள்ளே கால் வைக்க இடம் எப்போது வரும் என்பதே என் கருத்து.

14 ஆகஸ்ட் 2024

ஐரோலித் தம்பி திரும்ப வந்திருக்கிறார். பன்னிரண்டு பக்கத்தை ஒன்றாக்கினாராம், போனில் படிக்கிற அளவு எழுத்து. எம்.டி. படம் சின்னதாகிவிட்டது என்று மேனேஜர் மறுத்துவிட்டாராம். "எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது அக்கா?"

சொல்லாதீர்கள், கேளுங்கள். "சார், இந்த மாதம் ஊழியர்களைப் பாதிக்கிற மாதிரி என்ன முடிவு எடுத்தீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே மேலே போடுங்கள். படம் எந்த அளவில் இருந்தாலும் கவலைப்பட மாட்டார், தன் பேச்சு மேலே இருக்கிறதல்லவா.

19 ஆகஸ்ட் 2024

கேட்டுவிட்டாராம். "வெளியே சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை" என்றாராம் எம்.டி. சரி, இந்த மாதம் மடலே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நாலு நாளாகிறது, மடல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி, உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மன்னிக்கவும்.

31 ஆகஸ்ட் 2024, காலை

இப்போது விஷயம் இருக்கிறதாம். அடுத்த மாதம் முதல் கேப் (ஆபீஸ் வண்டி) நேரம் மாறுகிறது, இரவு ஷிஃப்டில் கடைசி வண்டி அரை மணி முன்னதாகக் கிளம்பிவிடும். ஒரே தாள், மேலே பழைய நேரம், புது நேரம் பக்கத்துப் பக்கத்தில். குறைகிறது என்பதை மறைக்கவில்லை. கேன்டீனில் ஒட்டிவிட்டு எனக்கு பிடிஎஃப் அனுப்பினார், கருத்துச் சொல்லச் சொல்லி.

பிடிஎஃப் வேண்டாம், ஆட்கள் தட்டோடு நிற்கும் இடத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன்.

31 ஆகஸ்ட் 2024, மதியம்

படம் வந்தது. தாள் நன்றாக இருக்கிறது. புது நேரம் இருக்கும் பாதியைத் தண்ணீர் கேன் மறைக்கிறது.

இரண்டு அடி இடப்பக்கம் தள்ளி ஒட்டுங்கள், தம்பி. கேனை நகர்த்தாதீர்கள், சாயங்காலம் யாராவது திரும்ப அங்கேயே வைத்துவிடுவார்கள்.